மேனேஜர் நலம்

லென்ஸ்காரர் வீட்டு முன்னறையில் நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும். டி.வி. இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. டி.வி.யோ மூலையில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தத் தொட்டியில் கடைச்சரக்கு என்று பார்த்தால் கண்ணாடியும், காற்று விடுகிற குட்டி மோட்டாரும்தான். மணல், கூழாங்கல், பாசி, நத்தை, மீன் அத்தனையும் பம்ப் ஹவுசுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையிலிருந்து வாளியில் வந்து சேர்ந்தவை. சேர்த்தவள் அவர் மனைவி.

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் உரசுகிறவர். டாக்டர் எழுதித் தருகிற பவருக்கு வந்த வில்லையை ஃபிரேமின் அளவுக்கு ஓரம் தேய்த்து, பிசகாமல் உட்காரவைப்பது அவர் வேலை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவில் எல்லோருக்கும் நர்ஸம்மா. வீட்டில் மீன் வளர்க்கலாமா என்று அவள் கேட்ட அன்றே இவர் தங்கமீன் வாங்கச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் வாசலில் மறித்தாள்.

"கடை மீன் எதுக்குங்க? அதுக்குத் தனித் தீனி, தனி மருந்து, வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன் மாதிரி தாங்கணும். ஓடை மீன் நம்ம தண்ணியிலயே பொறந்தது. நம்ம வெயில், நம்ம கொசு. அது பாட்டுக்கு இருக்கும்."

பழைய கொசுவலைத் துணியை ஒரு கம்பி வளையத்தில் தைத்து வலை செய்தாள். முழங்கால் அளவுத் தண்ணீரில் அவள் இறங்குவாள். கரையில் வாளியைப் பிடித்துக்கொண்டு "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டிருப்பது இவர் பங்கு. பிடித்ததில் பெரும்பாலானவற்றைத் திரும்ப விட்டுவிடுவாள். "இது நோஞ்சான், இது முரடன், இவளுக்கு வயித்துல முட்டை இருக்கு, வீட்டுக்குப் போம்மா" என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புவதைக் கேட்டால், ஓடை நடுவே புறநோயாளிப் பிரிவு நடக்கிறது என்றுதான் தோன்றும்.

அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஓடையிலிருந்து எது வந்தாலும், மீனோ பாசியோ, நேரே தொட்டிக்குள் போகக்கூடாது. பால்கனியில் இருக்கிற நீல வாளியில் இரண்டு வாரம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும். அந்த வாளிக்கு அட்மிஷன் வார்டு என்று பெயர். "எது எதைத் தூக்கிட்டு வந்திருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்பாள்.

அப்படி வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி உள்ளே வந்தவர்களில் முக்கியமானவர்கள் இரண்டு தரப்பு. வால்பக்கம் கறுப்புப் பொட்டு வைத்த சின்னக் கெண்டைகள் ஒரு கூட்டம். ஒன்று திரும்பினால் எல்லாம் திரும்பும், ஒன்று பயந்தால் எல்லாம் பயப்படும். அவற்றுக்கு ஹாஸ்டல் பொண்ணுங்க என்று பெயர் வைத்தாள். இன்னொருவர் அயிரை. விரல் நீளம், பழுப்பு உடம்பில் புள்ளி, வாயைச் சுற்றி மீசை. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து, கண்ணையும் மீசையையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மற்றவர்களை மேற்பார்வை பார்ப்பார். தன் வேலை என்று ஒன்றும் செய்ததை யாரும் கண்டதில்லை. அதனால் அவர் மேனேஜர்.

கடல் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அவள் கிளம்பினாள். அப்படியோர் இடத்தில் வேலை பார்க்க அவளுக்குப் படிக்கிற காலத்திலிருந்தே ஆசை. போகவேண்டாம் என்று இவரும் சொல்லவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு கதவுவரை போனவள், திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தாள். இவரைப் பார்த்துச் சொல்லவேண்டியதை எல்லாம் விழுங்கிவிட்டு, "மேனேஜரைப் பாத்துக்கோங்க" என்றாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போனில் வருவாள். முகம் பார்த்துப் பேசுகிற போன்தான். ஆனால் இவர் அதைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொள்வார். அவர் ஒருநாளும் தன்னைப் பற்றி வாய்திறந்து பேசிப் பழகியவரல்ல. அவளும் அவர் வாயைப் பிடுங்குகிற ரகம் அல்ல.

"மேனேஜருக்கு ரெண்டு நாளா இருமல்" என்பார் இவர்.

"ராத்திரி ஃபேனை ஃபுல்லா வெச்சுட்டுத் தூங்கியிருப்பார். சுடுதண்ணி குடிக்கச் சொல்லுங்க. அலமாரியில மேல் தட்டுல மாத்திரை இருக்கு."

"சொல்றேன். மேனேஜருக்கு சாயங்காலமானா வீடு வெறிச்சுனு இருக்காம்."

"இங்கேயும் அப்படித்தான்னு சொல்லுங்க" என்பாள்.

இருமலுள்ள மீனைப் பற்றி ஒரு நர்ஸும் ஒரு லென்ஸ்காரரும் இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் பக்கத்தில் இருந்து கேட்டவன் அவளுடைய தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்து, அக்காவிடம் ரெண்டு வார்த்தை பேசி, மாமா சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் திட்டிவிட்டுப் போவான்.

"மாமா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த மீன் படுற பாடு இருக்கே. பாவம், அதுக்கு ஒரு சம்பளமாவது போட்டுக் குடுங்க."

"வாயை மூடுடா மாப்ளே."

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு குரலில் பேசினாள்.

"ஏங்க, ஒப்பந்தம் முடியப்போகுது. இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. வார்டுக்குப் பொறுப்பு குடுக்கிறாங்களாம். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். என்ன சொல்லட்டும்?"

வந்துவிடு என்ற வார்த்தை அவர் தொண்டைவரைக்கும் வந்தது. வார்டுக்குப் பொறுப்பு என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த சின்னத் துள்ளலும் காதில் விழுந்தது. நாமே அதற்குக் குறுக்கே நிற்பதா என்று நினைத்தார். வார்த்தை வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"உன் இஷ்டம்" என்றார்.

"என் இஷ்டமா?"

"ம்."

"சரி, தொட்டியைக் காட்டுங்க."

அன்றைக்குத் தொட்டியைப் பார்த்தபோது அவருக்கே சங்கடமாக இருந்தது. பாசி பழுத்துப்போயிருந்தது. ஒரு பக்கம் மொட்டையாகத் தெரிந்தது. போன் வைத்தபிறகு ஒரு யோசனை உதித்தது. வாயால்தான் கூப்பிடமுடியவில்லை, தொட்டியால் கூப்பிட்டால் என்ன? அதைப் பச்சைப்பசேலென்று ஆக்கிக் காட்டினால், அதைப் பார்த்த கணமே அவளுக்கு மனசு தாங்காது, தானே ஓடிவருவாள். இப்படி ஒரு கணக்கு.

வாரம் முழுவதும் கடையில் வேலை நெருக்கியது. சனிக்கிழமை சாயங்காலம்தான் ஓடைக்குப் போக முடிந்தது. முதல்முறையாகத் தானே தண்ணீரில் இறங்கினார். "பாத்து, பாத்து" என்று சொல்லக் கரையில் ஆள் இல்லை. வேலம்பாசியில் ஒரு கொத்து, தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்த கோரையில் இரண்டு தூர், எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தார். நீல வாளி பால்கனியில் காத்திருந்தது. இரண்டு வாரம் வாளியில் போட்டால் நாளைக்கு எதைக் காட்டுவது? அலசு அலசென்று அலசிவிட்டு நேரே தொட்டியில் நட்டுவிட்டார். சட்டம் போட்டவள்தான் ஊரில் இல்லையே.

மறுநாள் அவள் அசந்துபோனாள். "அடேயப்பா, ஓடையே வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கே! யாரு நட்டது, நீங்களா? வார்டுல வெச்சுட்டுத்தானே உள்ள விட்டீங்க?"

"பின்னே" என்றார். அதுதான் முதல் பொய்.

அந்த வாரத்திலேயே ஹாஸ்டல் கூட்டம் கொஞ்சம் மெலிந்தமாதிரி தெரிந்தது. பாசிக்குள் ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டார். அடுத்த வாரம் சந்தேகமே இல்லை, கூட்டம் பாதி ஆகியிருந்தது. செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை. மூடியையும் தரையையும் அலமாரிக்கு அடியிலும் தேடினார், துள்ளி விழுந்தது எதுவும் இல்லை. மச்சினன் வந்தபோது அவனிடம் காட்டினார்.

"லீவுக்கு ஊருக்குப் போயிருக்கும் மாமா."

"வெளையாடாதே. யாரோ திங்கிறாங்க. உள்ள இருக்கிற ஆள்தான்."

"உள்ள வேற யாரு இருக்கா? நத்தை திங்காது. மிச்சம் ஒரே ஒருத்தர்தான்." இருவரும் மணலைப் பார்த்தார்கள். இரண்டு கண்ணும் ஒரு மீசையும் அவர்களைத் திரும்பிப் பார்த்தன.

"முழியே சரியில்லை மாமா" என்றான் மச்சினன்.

லென்ஸ்காரருக்கு மனசு வரவில்லை. ஆனாலும் மிச்சமிருக்கிற பொண்ணுங்களையாவது காப்பாற்ற வேண்டும். மேனேஜரை வலையில் பிடித்து, கொஞ்சம் மணலோடு ஒரு பெரிய பிஸ்கட் ஜாடியில் விட்டு, அடுக்களை மேடையில் வைத்தார்.

"சஸ்பெண்ட் பண்ணிட்டீங்களா?" என்றான் மச்சினன். "விசாரணை முடியறவரைக்கும் பாதிச் சாப்பாடா, முழுச் சாப்பாடா?"

அன்று அவள் கூப்பிட்டபோது இவர் போனை மேற்கோணத்தில், கோரை நிறையத் தெரிகிறமாதிரி பிடித்தார். பாசியின் பசுமை இருக்கிறது, குமிழிகள் இருக்கின்றன, மீன்தான் இல்லை.

"ஹாஸ்டல் பொண்ணுங்களைக் காணோமே?"

"உள்ள இருக்காங்க. வெளிச்சம் சரியில்லை."

"மேனேஜர்?"

"மண்ணுக்குள்ள இருக்கார்."

"எப்படி இருக்கார்?"

சோர்ந்திருக்கிறார் என்று சொன்னால் அவரைக் காட்டு என்பாள், காட்டினால் குட்டு உடையும். தான் இல்லாமல் வீடு இப்படி ஆகிவிட்டதே என்று அவள் அழுவாள். அப்புறம் இந்தத் தொட்டிக்காக எதற்கு ஓடிவரவேண்டும் என்று நினைப்பாள். இப்படியெல்லாம் கணக்குப் போட்டு, "நல்லா இருக்கார். நல்லா சாப்பிடுறார், நல்லா தூங்குறார். ஒரு குறையும் இல்லை. நீ கவலையே படாதே" என்று ஒரே மூச்சில் சொன்னார். அவருக்குப் பின்னால் ஜாடிக்குள் மேனேஜர் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓ. அப்படியா" என்றாள் அவள். "நல்லது."

அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில். இந்தமுறை அவள் இரண்டு தடவை கேட்டாள். "நிஜமாவே நல்லா இருக்காரா?" என்றாள். "நிஜமா, ரொம்ப நல்லா இருக்கார்" என்றார். அவள் சீக்கிரமே போனை வைத்துவிட்டாள். மேனேஜர் ஜாடியில் இருக்கும்போதே கெண்டைகள் குறைந்துகொண்டுதான் வந்தன. குற்றவாளி வெளியே இருக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. யார் என்றுதான் புரியவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் விஷயம் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கோரைத் தண்டில் ஏதோ அசைந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒரு தட்டான். ஈரமாக, கசங்கின சிறகோடு, வெளிறிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அதே தண்டைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பழுப்பு ஓடு, முதுகு வெடித்து, உள்ளே காலியாக. அது தண்ணீருக்குள் கிடந்தபோது செத்த சருகு என்று நினைத்து அவரே நாலைந்து தடவை விரலால் ஒதுக்கியிருக்கிறார்.

சிறகு விரிந்து காய்கிறவரைக்கும் நின்று பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைக்குத் தாமதமாகப் போனார். ஜன்னலைத் திறந்துவைத்ததும் அது ஒரு சுற்று சுற்றி, டி.வி. துண்டின்மேல் உட்கார்ந்து, பிறகு தெருப்பக்கம் போய்விட்டது. கையசைக்காத குறையாக அவர் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், கடையில் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். முகத்துக்கு அடியில் கைபோல மடிந்த தாடை. அதன் நுனியில் இரண்டு கொக்கி. சாயங்காலம் மச்சினன் வந்து போனில் தேடிப் படித்தான்.

"தட்டான் குஞ்சு தண்ணிக்குள்ளதான் வளருமாம் மாமா. பாசியில தொத்திக்கிட்டு வருமாம். சாப்பாடு... சின்ன மீனு." அவன் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "அப்போ நம்ம மேனேஜர்?"

"நிரபராதி."

மேனேஜரை அன்றே தொட்டிக்குள் விட்டார்கள். அவர் நேரே பழைய மூலைக்குப் போய் மணலில் புதைந்துகொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதாக மச்சினன் சத்தியம் செய்தான். ஹாஸ்டலில் கடைசியாக ஒரே ஒருத்தி மிச்சம். கூட்டத்தோடு திரும்பியே பழகியவள், இப்போது யாரோடு திரும்புவது என்று தெரியாமல் நடுத்தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த லென்ஸ்காரர், நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஒளிக்காமல் தொட்டியை முழுசாகக் காட்டினார். வாளியை ஏமாற்றியது, கெண்டை காணாமல்போனது, மேனேஜரைப் பிஸ்கட் ஜாடியில் போட்டது, தட்டான் பறந்தது, ஒன்றுவிடாமல் சொன்னார். ஜாடி என்றதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மேனேஜரையா சந்தேகப்பட்டீங்க? அவர் வாயே கீழே பாத்துத்தானே இருக்கு! மண்ணைக் கிளறித் திங்கிற ஆளுங்க. அவர் எப்படி ஓடிப்போய் மீனைப் பிடிப்பார்?" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள் சட்டென்று நிறுத்தினாள். "எப்போலேருந்து ஜாடியில இருந்தார்?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா நல்லா இருக்கார், நல்லா இருக்கார்னு சொன்னீங்களே."

அவர் போனை மேனேஜர் புதைந்திருந்த மூலைப் பக்கம் நகர்த்தினார்.

"ஏங்க, வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் கேட்டேனே" என்றாள் அவள். "ரெண்டு தடவை கேட்டேன். மேனேஜர் எப்படி இருக்கார், நிஜமாவே நல்லா இருக்காரான்னு. ஒரு குறையும் இல்லைன்னீங்க. இவ்வளவு நாள் இருமல், வெறிச்சுனு இருக்கு, சாப்பாடு எறங்கலைன்னு சொல்லிட்டு இருந்த ஆளு, கையெழுத்துப் போடச் சொல்றாங்கன்னு சொன்னதுக்கப்புறம் ஒரு குறையும் இல்லைன்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது? சரி, நான் இல்லாம பழகிட்டார், இருந்தா என்ன இல்லாட்டி என்னன்னு நெனச்சுத்தான் போட்டேன்."

லென்ஸ்காரருக்கு உள்ளே எதுவோ வெடித்து விலகினாற்போல் இருந்தது. போனைத் தன் பக்கம் திருப்பினார். இத்தனை காலத்தில் முதல்முறையாக அவர் முகம் அவளுக்கு நேராகத் தெரிந்தது. தாடி வளர்ந்திருந்தது.

"மேனேஜரை விடு" என்றார். "எனக்கு முடியலை. எனக்குத்தான். நீ வந்துடணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் அந்தப் பாசி, கோரை எல்லாம்."

அவள் முகம் திரைக்கு நெருங்கி வந்தது.

"இந்த ஒரு வார்த்தையை உங்க வாயிலேருந்து எடுக்க ஒரு தட்டான் வந்து தொட்டியையே காலி பண்ணவேண்டியிருந்துச்சா?"

"கையெழுத்தை..."

"மாத்த முடியாதுங்க. ஒரு வருஷம். நடுவுல லீவு தருவாங்க." பிறகு மெதுவாக, "ரொம்ப எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள்.

"மேனேஜர்கூட" என்றார் இவர். அவள் மறுபடி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வலையோடு ஓடைக்குப் போனார். கரையில் மச்சினன் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாத்து மாமா, பாத்து" என்று அவன் சொன்னபோது, இது இவ்வளவு எரிச்சலான வார்த்தையா, இத்தனை வருஷம் அவள் எப்படிப் பொறுத்தாள் என்று ஆச்சரியப்பட்டார். பிடித்த கெண்டைகளை நோஞ்சான், முரடன் என்று அவளைப்போலப் பிரிக்க அவருக்குத் தெரியவில்லை. சேர்ந்து திரும்புகிறவையாகப் பார்த்துக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அவள் எடுத்ததும் கேட்டாள், "வார்டுல யாராவது இருக்காங்களா?"

"புது பேட்ச் வந்திருக்கு. ரெண்டு வாரம் முடியாம ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன்."

"உள்ள இருக்கிறவ?"

"அவளா? கண்ணாடிப் பக்கம் வந்து தன் நிழலோட சேர்ந்து திரும்பிக்கிட்டு இருக்கா. பொழுது போகணுமே."

அவள் சொன்னாள், "ஏங்க, இன்னைக்கு எனக்கு டியூட்டி இல்லை. போனைத் தொட்டிக்கு எதுத்தாப்ல நாற்காலியில சாய்ச்சு வெச்சுட்டு நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. நான் சும்மா பாத்துட்டு இருக்கேன். பேசவேண்டாம்."

அவர் அப்படியே சாய்த்து வைத்தார். தொட்டியும், பக்கத்தில் கொஞ்சம் சுவரும், கொஞ்சம் தரையும் அவளுக்குத் தெரியும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டார். அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்கினார். கத்தியைத் தேடுகிற சாக்கில் முன்னறைக்கு ஒருதடவை வந்தார். காய்ந்த துணியை எடுத்துவந்து, மடிப்பதற்குத் தொட்டிப் பக்கத்து நாற்காலியே வசதி என்று அங்கே உட்கார்ந்தார். மேனேஜர் மணலிலிருந்து முழுசாக வெளியே வந்து, போன் இருந்த பக்கத்துக் கண்ணாடியில் மீசையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். துணி மடித்து முடிந்தது. அவர் துடைப்பத்தை எடுத்தார்.

"ஏங்க" என்றது போன். "அந்த ஒரே இடத்தை இதோட எத்தனை தடவை பெருக்குவீங்க?"

"குப்பை இருக்கு" என்றார் லென்ஸ்காரர், துளிக் குப்பையும் இல்லாத தரையைப் பார்த்தபடி.

"சரி, பெருக்குங்க" என்றாள்.